ஈக்கும் பவித்ரனுக்கும் ஒரே கதவு

ஜெலாப்பாங், ஈப்போ
3 ஜூன் 2025

அப்ப, உங்க லேப்புல ஈயோட ஒடம்புல, சத்த உள்ள விடுற அந்தக் கதவப் பாதி சாத்துனா அது கூடுதல் நாளு வாழுதுன்னு சொன்னியே ஷர்மினி, அதே கதவு மனுசக் கொழந்தைக்கு வேல செய்யாமப் போனா பொறந்த கையோட வலிப்பு வருமாமே? போன்ல பேச்சுவாக்குல சொல்லிட்டு வச்சிட்ட. ஒடனே எழுத ஒக்காந்துட்டேன், முருகா!

என் பவித்ரனுக்கு மூணாம் நாளே வலிப்பு. ஒன்றர வயசுல போயிட்டான். இருபத்தேழு வருசம் ஆச்சு. கோயில்ல அத்தன பேரு முன்னால என் நாத்தனா இருளாயி என்ன சொன்னா? "இவ தீட்டோட கோயிலுக்கு வந்தா, அதான் ஆத்தா புள்ளைய எடுத்துக்கிட்டா." அதக் கேட்டுத்தானே உன் சித்தப்பா என்னைத் தள்ளி வச்சாரு.

தப்பு என்மேல இல்லன்னு ஒரு கடுதாசி எழுதுடி, உங்க லேப் முத்திர சாப்பு குத்தி. வாட்ஸ்அப்புல வேணாம், தாள்ல வேணும். ஆடி வெள்ளிக்கு அவ முன்னால படிக்கணும்.

அங்க குளுருமே, ஒழுங்காச் சாப்புடு லா.

உன் சித்தி துளசி

*

ஜெர்மனி
24 ஜூன் 2025

அன்புள்ள சித்தி,

சிட்ரேட்டுங்கிற சத்தை செல்லுக்குள்ள விடுற கதவு அது. ஈக்குக் குறைஞ்சா ஆயுசு கூடுது. எலிக்கு இல்லாமலே போனா கொழுப்பு ஏறுறதில்ல. மனுசக் கொழந்தைக்கு அந்தக் கதவுக்கு அப்பா கொடுத்த மரபணு, அம்மா கொடுத்த மரபணு ரெண்டுமே கெட்டிருந்தா வலிப்பு. நீங்க மாமா மகனைக் கட்டுன மாதிரி சொந்தத்துல கட்டுனா, ரெண்டும் ஒண்ணுசேர வாய்ப்பு அதிகம். தீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பவித்ரனுக்கு இதுதான்னு ரத்தம் பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. அதனால சாப்பு குத்த முடியாது சித்தி. இது உங்க மனசுக்கு மட்டும். யாருக்கும் படிச்சுக் காட்டாதீங்க.

ஷர்மினி

*

ஜெலாப்பாங்
9 ஆகஸ்டு 2025

ஷர்மினி கண்ணு,

படிச்சுட்டேண்டி! நேத்து ஆடி வெள்ளி. கோயில்ல இருளாயி கஞ்சி ஊத்துற நேரம் பார்த்து மைக்க வாங்கிட்டேன். 'உறுதியாச் சொல்ல முடியாது'ங்கற வரிய மட்டும் விட்டுட்டேன், ஆத்தா மன்னிப்பா. அவள அண்ணின்னு கூப்புட்ட வாயாலயே, "பாதி உன் தம்பி ரத்தம்டி இருளாயி!"ன்னேன். அகப்பையக் கீழ போட்டுட்டா.

அழுதா. எனக்கு எரக்கமே வரல. இன்னும் பத்து ஆடிக்கு அழட்டும். ஈ மட்டுந்தான் ஆயுசோட இருக்குமா? நானும் இன்னும் சாகல லா!

"இத உன் அக்காகிட்டப் போயிப் படி"ன்னுட்டு, செருப்புகூடப் போடாமப் போனா. உங்கம்மாவுக்கும் இதுக்கும் என்ன? கிறுக்கச்சின்னு சிரிச்சேன்.

சித்தி துளசி

ஸ்டாம்பு ஒட்டையில இப்பத்தான் ஞாவகம் வருது. உனக்கு முன்னால உங்கம்மாவுக்கு ஒரு ஆம்பளப் புள்ள. எஸ்டேட்டுல பொறந்து ஒம்பதாம் நாளு வலிப்புல போச்சு. உங்கம்மாவும் அத்த மகனத்தானே கட்டுனா. எனக்கு அப்பக் கல்யாணங்கூட ஆகல. தீச்சட்டி தூக்குறேன்னு நேந்துட்டு அவ தூக்காம விட்டா, அதான் ஆத்தா எடுத்துக்கிட்டான்னு, லயத்து வீட்டு வாசல்ல எல்லாரு முன்னாலயும் சொன்னது நான்தாண்டி.