சிவப்புப் பொட்டு

பிப்ரவரி 8, சனி
என் ஓவியக் கூடத்தில் தங்கையின் கண்காட்சி திறந்து ஒரு வாரம். ஒரு படமும் நகரவில்லை. வாராவாரம் இங்கே நான் டீ கொடுத்துக் கூட்டும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள் — தையல்காரர், நர்ஸ் அம்மா, பால் கடைக்காரர். படங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாடகை ஏறியதைப் பேசினார்கள். தெருக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஓவியம் விற்கும் என்று நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது தங்கை, "பரவாயில்லக்கா. இதோட நிறுத்திக்கிறேன்" என்றாள். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு இப்போதுதான் மறுபடி வரைய உட்கார்ந்தவள். நிறுத்தக் கூடாது.

பிப்ரவரி 9
படங்களுக்கு மரச்சட்டம் போடுபவர் யோசனை சொன்னார்: "ஒண்ணு வித்துடுச்சுன்னு சிவப்புப் பொட்டு ஒட்டுங்க. அப்பத்தான் நாலு பேருக்கு ஆசை வரும்."

ஒட்டினேன். மட்டமானதில் ஒட்டினால் யார் நம்புவார்கள்? இருப்பதிலேயே நல்லதில் ஒட்டினேன் — பாத்திரம் கழுவும் தொட்டியில் வெயில் விழும் படம்.

பிப்ரவரி 10
தங்கை பார்த்துவிட்டாள். "யாருக்கா?"

"ஒரு வக்கீல்."

தரையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. புதுப் படம் தொடங்கப் போகிறாளாம்.

பிப்ரவரி 13
படங்கள் வாங்கிச் சேர்க்கும் கண் டாக்டர் வந்தேவிட்டார்! ஒரு வருடமாக ஒவ்வொரு கண்காட்சிக்கும் அழைத்து, அவர் அம்மா தவறியபோது போய் உட்கார்ந்து, எதையும் விற்கப் பார்க்காமல் சம்பாதித்த பழக்கம். நேராகத் தொட்டிப் படத்தின் முன் நின்றார். நகரவே இல்லை.

"போயிடுச்சா?"

"வாங்கினவர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா டாக்டர்? விட்டுக்கொடுப்பார்..."

"சேச்சே. ஒருத்தர் ஆசைப்பட்டு எடுத்தத நான் பிடுங்கறதா? வேண்டாம்மா."

மற்றவற்றை மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போனார்.

பொட்டு பொய் என்று சொன்னால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார். சொல்லவில்லை; விற்றிருக்க வேண்டிய படம் கையைவிட்டுப் போயிற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். சே, என்ன பொம்பள நான்!

பிப்ரவரி 14
டாக்டருக்குப் போன் போட எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 2
படங்களை இறக்கியாயிற்று. உதவ வந்த தங்கை, உள்ளறை அலமாரிக்குப் பின்னால் நான் துணி சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துவிட்டாள்.

"வக்கீல் எடுத்துட்டுப் போகலையா?"

என் முகத்தைப் பார்த்தாள். "வக்கீலே இல்ல. இல்லையா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் வந்ததை, இதைத்தான் கேட்டார் என்பதை, சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

"இதையும் நம்பணுமாக்கா?"

"அவருக்கே போன் போட்டுக் கேளுடி" என்று நீட்டினேன். வாங்கவில்லை.

"அவருக்கும் சொல்லிக்கொடுத்திருப்ப."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி
கூப்பிடாமலே கூட்டத்துக்கு வந்தாள். பை நிறையத் தூரிகைகள், வண்ணக் குழாய்கள். நர்ஸ் அம்மாவின் மடியில் வைத்தாள்.

"வரையணும்னு ஆசைன்னீங்களே. எல்லாம் கழுவித்தான் வச்சிருக்கேன்."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ நன்றாக இருக்கிறது என்றாள்.