புகைப்புரையில் வைத்த படக்கதைகள்

எப்போதும் புகை மணக்கும் என் அப்பாவுக்கு,

உங்கள் புத்தகங்கள் உடைகின்றன அப்பா. கிழியவில்லை, உடைகின்றன. கிழிந்தால்கூட எப்படியாவது ஒட்டிவிடலாம். இவை பொரித்த பப்படம் மாதிரி விரல் பட்ட இடத்தில் நொறுங்குகின்றன. நான் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் நீங்கள். நீங்களோ உங்களை எரித்த இடத்தில் நட்ட ஒரு தென்னம்பிள்ளையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அம்மா சாப்பிடுவதில்லை. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போன நாளிலிருந்தே அப்படித்தான். அவள் நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்துத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவளைச் சிரிக்கவைக்க, களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் ஒரு படக்கதை வாங்கி வந்து, சாப்பிடும்போது வாசித்துக் காட்டினீர்களாம். அதன்பிறகு நம் வீட்டில் படக்கதை இல்லாமல் ராத்திரிச் சோறு கிடையாது. அவள் படம் பார்ப்பாள், நீங்கள் குரல் கொடுப்பீர்கள். அடுத்த அறையில் பாடப்புத்தகத்தோடு இருக்கும் எனக்கு உங்கள் குரலும் இருமலும் மட்டும் கேட்கும்.

இப்போதும் வாசித்தால்தான் நாலு வாய் இறங்குகிறது. இல்லையென்றால் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள். வளையல் முழங்கை வரை ஏறிப்போகிறது. "எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்கிறார் டாக்டர். அந்த எப்படியாவது என்ன என்பது எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தட்டுக் கஞ்சிக்கும் உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் போகிறது.

மற்றவர்கள் வீட்டில் ஜூனில் இடவப்பாதி மழை வந்தால் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். நீங்கள் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பீர்கள். "ஷீட்டுக்குப் பிடிக்காத பூசாணம் புஸ்தகத்துக்குப் பிடிக்குமாலே?" என்று கேட்டு, எல்லாவற்றையும் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரையின் பரணில் அடுக்கினீர்கள். நீங்கள் சொன்னது பொய்யில்லை. பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை. எத்தனையோ வருஷத்துப் புகையை மட்டும் குடித்துக் குடித்து, தாளெல்லாம் சாயா நிறமாகிவிட்டது.

நெய்யாற்றின்கரையில் உங்கள் சிநேகிதர் மணியன் மாமாவிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். உங்களோடு போட்டி போட்டுப் படக்கதை சேர்த்தவர் அவர்தானே. மூக்கில் வைத்துப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"மக்கா, உங்கப்பன் நல்லதுண்ணு நினச்சு எல்லாத்தையும் சுட்டுல்லா வச்சிருக்கான். தாளுலயே அமிலம் உண்டு, புகையிலயும் உண்டு. ரண்டும் சேந்தா பின்ன என்னத்துக்கு ஆவும்?"

பாறசாலையில் ஒரு கடையில் லேமினேஷன் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள் என்றேன். கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "சூடு காட்டினா அதோட தீந்துது. சேலைக்கடைக் கவருலயும் போடப்பிடாது, கொஞ்ச நாளுல ஒட்டிப் பிடிக்கும். உள்ள தெரியிய பாலியெஸ்டர் உறை உண்டு. உள்ள அமிலமில்லாத தாளு வைக்கணும். அதாக்கும் இதுக்க மருந்து. என்னமும் எழுதணும்னா பென்சிலு மட்டும், கேட்டியா?"

"நொறுங்கினது சரியாகுமா மாமா?"

"போனது வராது பிள்ளே. இருக்கியதப் பிடிச்சு வைக்கலாம்."

உறையும் தாளும் பெங்களூரிலிருந்து வந்தன. தாளைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு வெள்ளை, ஒரு மணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேட்டியை மேஜையில் விரித்து உட்கார்ந்தேன். துருப்பிடித்த பின்னைக் கழற்றி, அடியில் புதுத்தாளைச் செருகி, தோசையைத் திருப்புவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஏடாக எடுத்து உறைக்குள் நழுவவிட்டேன். ஒரு புத்தகத்துக்கே பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் அப்பா, அதைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இனி அம்மா எத்தனை தடவை புரட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

கஞ்சியோடு கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அந்தப் பனிக்கோட்டைக் கதைதான், ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் துப்பறிபவனைத் தேடி மலைக்கு வருவானே, அது. உறையின் மேல் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"எனக்கிது வேண்டாம் மோளே."

"ஏம்மா? படமெல்லாம் நல்லாத் தெரியுதே."

"அவரையும் இப்பிடி கண்ணாடிக்கு அங்ஙோட்டு வச்சாக்கும் காட்டினது. ஒருக்கா தொட விட்டினுமா?"

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உங்களைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தானே பார்த்தோம். அவள் விரலை அந்தக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். தட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், கோபப்பட்டேன், போனில் படம்பிடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். "படமெல்லாம் உறும்பு போல சிறுசா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில், அன்று முழுவதும் இருந்து செய்த வேலையை நானே அழித்தேன். ஏட்டை உறையிலிருந்து உருவி அவள் கையில் கொடுத்தேன்.

முகத்தோடு வைத்து முகர்ந்தாள். பிறகு வாய் திறந்தாள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

வழக்கம்போலப் பாதியில், "இப்பிடி இல்லல்லோ" என்றாள். நான் வாசித்தால் எப்போதும் இப்படித்தான் சொல்கிறாள். என் குரல் பிடிக்கவில்லை என்று நினைத்து, உங்களைப் போல அடித்தொண்டையில் பேசிப் பார்த்திருக்கிறேன், இருமிப் பார்த்திருக்கிறேன். கொள்ளைக்காரன் கதவைத் தட்டும் கட்டத்துக்கு வந்தபோது அவள் விரல் அழுந்தியது. மூலை உடைந்து கஞ்சியில் விழுந்தது. அவன் என்ன பேசினான் என்பது அந்த மூலையில்தான் இருந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மா நிறுத்தவில்லை.

"எலே, கதவத் தொற! மஞ்சு கொட்டுது, பாறசாலை பஸ்ஸும் போயாச்சு. உன்னக் கொல்லுயதுக்கு முன்ன எனக்கொரு கட்டன் சாயா வேணும்!"

கடைசியில் உங்கள் இருமலையும் இருமினாள். எந்த இடத்தில் நீங்கள் மூச்சு வாங்குவீர்களோ அங்கே மூச்சு வாங்கினாள்.

கஞ்சியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பஸ்ஸும் இல்லை, பாறசாலையும் இல்லை, பால் விடாத அந்தச் சாயாவும் இல்லை. காபி என்றுதான் அச்சடித்திருந்தது.

"இதுல காபின்னுதானேம்மா இருக்கு?"

"காப்பியோ? உங்கப்பன் எண்ணைக்குக் காப்பி குடிச்சாரு?" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு அகப்பை கஞ்சி கேட்டாள்.

என்ன மனுஷனப்பா நீங்கள்! இத்தனை வருஷமும் அச்சில் இருந்ததையா வாசித்தீர்கள்? இஷ்டத்துக்குக் கட்டிவிட்டிருக்கிறீர்கள். பனிமலையிலிருந்து பாறசாலைக்கு பஸ் விட்டிருக்கிறீர்கள். நான் உறை வாங்கி, தாள் வாங்கி, காப்பாற்றப் பாடுபட்டதில் உங்கள் பேச்சு ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் அம்மாவிடம் இருக்கிறது. நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கும் அம்மாவிடம். அவளுக்கு நான் எந்த உறையைப் போடுவது?

இப்போது நானே ஒவ்வொரு பக்கத்திலும் தெரியாதவள் மாதிரி நிறுத்துகிறேன். அவள் சொல்கிறாள், இடையிடையே ஒரு வாய் வாங்கிக்கொள்கிறாள். சொன்னதை அந்த அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதி, மிஞ்சிய ஏட்டுக்குப் பின்னால் வைத்து உறையில் போட்டுவிடுகிறேன். உடைவது உடையட்டும் என்று விட்டுவிட்டேன். முந்துவது புத்தகமா அம்மாவா என்று மட்டும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

நேற்று, கோட்டைக் கதவு திறக்கிற இடத்தில் அம்மாவும் நின்றுவிட்டாள். தாளில் அந்த இடமே இல்லை, போனில் படம்பிடிக்கும் முன்பே உதிர்ந்தது. "என்னவோ சொல்லுவாரு... சிரிப்பா இருக்கும்..." என்றாள். யோசித்தாள், யோசித்தாள். எனக்கும் தெரியவில்லை. பிறகு அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அந்த இடத்துக்குப் பின்னால் வெறும் தாளை வைத்திருக்கிறேன் அப்பா. என் கனவில் வர வேண்டாம், அவள் கனவில் ஒருமுறை வாருங்கள். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் அவள் கஞ்சிக்கு உட்காரும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அவள் சொன்னதும், ஒரு எழுத்தையும் மாற்றாமல், காபி என்றால் காபி, கட்டன் என்றால் கட்டன், அப்படியே எழுதிவைப்பேன். இது சத்தியம்.

பென்சிலைச் சீவி வைத்துக் காத்திருக்கும்
உங்கள் மகள்
சுஜா