நீல ஸ்வெட்டரைப் போடாதே

கண்ணு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். பால் கொடுக்கிறவள், வெறும் டீயோடு இருந்துவிடாதே.

பத்து மணிக்கு நர்ஸ் வந்து பாப்பாவுக்கு எடை பார்ப்பாள். நான் பார்த்தால்தான் உனக்குப் பிடிக்கவில்லையே. “நான் உன் மகளா, உன் பதிவேட்டுல ஒரு வரியா?” என்று நேற்று கேட்டாய். அலமாரியிலிருந்து எடுத்து நீ பாப்பாவுக்குப் போட்ட நீல ஸ்வெட்டரை நான் பிடுங்கியதும் பாப்பா வீறிட்டாள். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் இந்த வேலையில் சேர்ந்த முதல் வருஷம். கைப்பிள்ளையோடு வந்த ஒரு பெண், “பிள்ளைக்குக் குளிருதுக்கா, ஸ்வெட்டரோடயே பாருங்களேன்” என்றாள். பாவமாக இருந்தது, பார்த்தேன். வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சைக்குள் விழுந்தது, எடை சரி என்று அர்த்தம். எடை குறைந்த பிள்ளைகளுக்குத் தரும் சத்துமாவைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் அவள் தனியாக வந்தாள். அந்த நீல ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். “வேற பிள்ளைக்குக் குடுங்கக்கா. நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க” என்றாள்.

இன்றுவரை யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

அம்மா

வருகிற நர்ஸ் சின்னப் பெண், மனசு இளகிவிடுவாள். பாப்பா எவ்வளவு அழுதாலும் எல்லாத் துணியையும் கழற்றிவிட்டே எடை பார்க்கச் சொல்.

இன்னொன்று. அந்தத் தாய் போன பிறகு ஸ்வெட்டரை மட்டும் தராசில் மாட்டிப் பார்த்தேன். இருநூறு கிராம். அதைக் கழித்தால் புள்ளி பச்சையில் இல்லை.