பந்துக்காரர் அண்ணன் கடை

1934 ஜூன் 1, சிகாமட், மலாயா

வெள்ளிக்கிழமை ஆட்டம். என் தம்பி ஜஹாங்கீர் இரண்டு கோல் போட்டான். ஊரே திடலில் கிடந்தது; கடையில் நானும் எட்டுக் கட்டு மல் துணியும். ஆட்டம் கலைந்த பிறகு பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் வந்தார். துணி எடுக்கத்தான் என்று நினைத்தேன். "தம்பி இல்லீங்களா?" என்றார். இல்லை என்றதும் போய்விட்டார். வாசலில் வண்டிக்காரனிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "இதான்யா பந்துக்காரர் அண்ணன் கடை."

பதினாறு வருடம். தலையில் மூட்டை சுமந்து தோட்டத்துக் குடியிருப்பு லயன் லயனாகத் துணி விற்றவன் நான். பலகையில் மீரா சாகிபு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஜூன் 3

அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது? வயது முப்பத்து மூன்று. கல்யாணம் இல்லை. சிங்கப்பூர் துறைமுகம், குளுவாங், மூவார், பத்து பகாட், பெக்கோக் — போன இடமெல்லாம் பெயருக்கு ஒரு வேலை. ரயில்வேயில் விளக்குத் துடைப்பான், தோட்டத்தில் ரப்பர் பால் நிறுப்பான். உண்மையான வேலை பந்து உதைப்பது. அடுத்த வருடம் வேறு ஊர், வேறு சட்டை. தகரப் பெட்டியில் ஏழு நிறத்தில் ஏழு சட்டை, அவ்வளவுதான் சொத்து. வலது முழங்கால் வேறு, ஆடி முடித்தால் பலாப்பிஞ்சு போல வீங்கிக்கொள்கிறது. 'காக்கா' என்று அண்ணனைக் கூப்பிட்டுக் காலை நீட்டுவான்; எண்ணெய் போட்டு நீவுகிற என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிறகு எனக்கு ஏன் வயிறு எரிகிறது? இன்று என் வீட்டுக்காரி ஜொஹரா இறால் ஆக்கினாள். "தம்பி ஆடுற வாரம்ங்க" என்றாள். நான் மூட்டை சுமந்த வாரமெல்லாம் கருவாடுதான்.

ஜூன் 9

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பந்தாட்டச் சங்கத்துச் செயலாளர் வந்தார், உஸ்மான் என்று பெயர். ஜஹாங்கீரைக் கேட்கிறார்கள். அரசாங்க ஆபீசில் பியூன் வேலை, நிரந்தரம். ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. அவனுக்கு இதுவரை வாய்க்காத ஒன்று. ஒரு கைலியை விரித்துப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார், தம்பியின் உடம்பு எப்படி என்று.

என் கடை வழக்கம் ஊருக்கே தெரியும். இழை அறுந்திருந்தால் நானே விரித்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வேன். அப்படியே விரித்தேன். வயது அவன் சொல்லிக்கொள்ளும் இருபத்தெட்டு இல்லை, முப்பத்து மூன்று என்றேன். வலது முழங்கால் என்றேன். எந்த இடம் என்று என் காலிலேயே தொட்டுக் காட்டினேன்.

உண்மைதானே சொன்னேன். சொல்லும்போது நாக்கில் ஏன் அப்படி இனித்தது?

ஜூன் 23

ஜொகூர் பாருவில் வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். கடிதத்தைப் படித்து ஜஹாங்கீர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எங்க காக்காகிட்ட கேளுங்கன்னு அவரை நான்தான் அனுப்புனேன்."

நான் அளவுகோலைத் தேடுவது போலக் குனிந்தேன். "கேட்டாரு. சொன்னேன்."

"தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க." விரிந்து கிடந்த ஒரு கைலியை எடுத்து மடித்தான். "இந்த ஒரு தடவ மடிச்சே காட்டியிருக்கலாம்லா, காக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஜூன் 24

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவனே நீவிக்கொண்டிருந்தான்.

ஜூலை 14

ஆயர் ஈத்தாம் அன்னாசி ஆலையிலிருந்து கணக்குப்பிள்ளை மூர்த்தி வந்தார். ஆலைக் குழுவுக்கு ஆள் வேண்டுமாம்.

"காலு சரியில்லன்னு ஒரு பேச்சு அடிபடுதே, பாய்?"

"எவன் சொன்னான்? தேக்குக் கட்டை."

"வயசு?"

"இருபத்தெட்டு."

கடையில் உட்கார்ந்து நான் சொன்ன முதல் பொய். மூர்த்தி எழுந்துவிட்டார். "நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன."

ஜூலை 20

ஆலைக் குழுவில் ஜஹாங்கீரை எடுத்துக்கொண்டார்கள்; எட்டாவது சட்டை. மஞ்சள். துணி என் கடையில்தான் எடுத்தார்கள். ஒவ்வொரு கெஜமாகப் பார்த்து நானே கிழித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 8

ஜஹாங்கீரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நேற்று மூன்றாவது கோலை அடித்த கையோடு அப்படியே சரிந்தானாம். கதவுப் பலகையில் வைத்துத் தூக்கினார்களாம். இனி நடக்கலாம், ஓட முடியாது என்றுவிட்டார் ஆஸ்பத்திரி டிரஸர்.

உண்மையச் சொன்னேன், வேலை போச்சு. பொய்யச் சொன்னேன், காலே போச்சு. வாயத் தச்சிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா நான்?

என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது இதுதான்: "மூணு கோல், காக்கா."

செப்டம்பர் 10

மூர்த்தியிடம் என்ன சொன்னேன் என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

"என் காலு எனக்குத் தெரியாதா? போனது நான்தானே." பிறகு, "எண்ணெய் எங்க?" என்றான்.

நவம்பர் 3

ஒரு மாதமாகக் கடையில் உட்காருகிறான், காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு. மூவாரிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் ஆட்கள் அவனைப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அவனும் துணியை விரித்து அறுந்த இழையைக் காட்டுகிறான். காட்டி முடிப்பதற்குள் பத்து பகாட்டில் போட்ட கோலையும் சொல்லிவிடுகிறான். அறுந்த துணியும் விற்றுப்போகிறது. பதினாறு வருடத்தில் இந்த வித்தை எனக்கு வந்ததே இல்லை.

இன்று தோட்டத்துப் பெண் வெள்ளையம்மா தெருவில் யாரிடமோ வழி கேட்டாள். "பந்துக்காரர் கடை எதுங்க?"

முன்பு நடுவில் அண்ணன் என்று ஒருவனாவது இருந்தான். இப்போது அவனும் போனான்.

புதுப் பலகைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். "தம்பி பேர மட்டும் போட்டா யாவாரம் இன்னும் ஓடும்ங்க" என்கிறாள் ஜொஹரா. அது நடக்காது. இரண்டு பெயரும்தான். என்னுடையது மேலே.

எழுத்து ஒரே அளவு.