கல்லில் வெட்டாத பெயர்

உங்கள் கல்லைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். சப்பாத்தில் ஒட்டிய மயானக் களிமண் வாசல்படியில் கிடக்கிறது. அந்த ஈர மண் வாசனை குசினி வரைக்கும் வருகிறது. "ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தாலும் தமிழ் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் இந்தக் கோபத்தை இங்கிலீசில் எழுத எனக்கு வராது.

கல்லில் சாமுவேல் என்று வெட்டியிருக்கிறார்கள். பொன் பூச்சுப் பூசிய பெரிய எழுத்துக்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, மல்கிரேவ் என்ற ஊரில் அந்தப் பம்புத் தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவனாகச் சேர்ந்த முதல் நாள், வேலையாட்களுக்கு மேலே இருந்த போர்மன் என் பெயரைக் கேட்டார். சாம்பசிவம் என்றேன். "சாம். அது போதும்" என்றார். பிறகு இரும்பு கடையும் லேத் மெசினில் நின்ற உங்களைக் காட்டி, "ஆனால் இங்கே ஏற்கெனவே ஒரு சாம் இருக்கிறான். அவன் பெரிய சாம். நீ கறுப்புச் சாம்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வேலை வேண்டியிருந்தது, நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் மெசினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தீர்கள். "உம்முடைய முழுப் பெயரையும் மெதுவாகச் சொல்லும்" என்றீர்கள். சொன்னேன். பொருள் கேட்டீர்கள். ச, அம்பா, சிவன்; அம்பாளோடு சேர்ந்திருக்கும் சிவன் என்றேன். "அப்படியானால் அந்த ஆள் உம்முடைய அம்மனையே நடுவில் வெட்டிப் போட்டானே" என்றீர்கள். காலையிலிருந்து எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டது அப்போதுதான்.

ஒரு மாரிக்கால மத்தியானம் உங்கள் பெயரையும் சொன்னீர்கள். சோர்லி. எழுதும்போது நடுவில் ஓர் 'ம்' இருக்குமாம், வாயில் வராதாம். எனக்கு முதலில் 'சோறு' என்றுதான் கேட்டது. அதைச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தீவு. வீட்டில் கேலிக் மொழி மட்டும். பள்ளிக்கூடம் போன முதல் நாளே வாத்தியார், "இதையெல்லாம் என்னால் எழுத முடியாது, இன்றைக்கிருந்து நீ சாமுவேல்" என்று சொல்லிவிட்டார். வீட்டு மொழி வாயில் வந்தால் உள்ளங்கையில் தோல்வார் அடி.

அந்தப் பெயருக்கு யார் யார் சொந்தக்காரர் என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால் தேநீர் நேரம் போதாது. எண்ணூறு வருடங்களுக்கு முன் படகுகளோடு வந்து தீவுகளைப் பிடித்து ஆண்ட ஒரு தலைவன். கடல் தாண்டி அயர்லாந்தில் போய்ச் சண்டை பிடித்த மஞ்சள் முடிக்காரன் ஒருவன். இப்போதும் உயிரோடு இருந்து, கேலிக்கிலேயே எழுதுகிற ஒரு கவிஞர். "இங்கிலீசுப் புத்தகங்களில் ஆளுக்கொரு எழுத்துக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் கூப்பிட்டதோ ஒரே பெயர்" என்பீர்கள். அது வடக்கிலிருந்து கடலோடி வந்து கொள்ளையடித்தவர்களின் பெயராம், கோடைக்காலத்தில் கப்பலில் வருபவன் என்று பொருளாம். "எதிரியின் பெயரைக்கூட எங்கள் ஆட்கள் ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டு பிள்ளைக்கு வைத்தார்கள். இவனுக்கு உம்முடைய பெயரைச் சொல்ல என்ன கேடு?" என்று போர்மனின் அறைப் பக்கம் பார்த்து உறுமினீர்கள்.

அடுத்த முறை போர்மன் தொழிற்சாலையின் அந்தக் கோடியிலிருந்து "கறுப்புச் சாம்!" என்று கத்தியபோது, நீங்கள் லேத்தை நிறுத்தினீர்கள்.

"அவருடைய பெயர் சாம்பசிவம். அதைச் சொல்லும், நான் மெசினைப் போடுகிறேன்."

போர்மனின் முகம் சிவந்தது. "சாம்பா... என்னவோ ஒன்று."

"என்னவோ ஒன்று என்பது அவருடைய பெயரில் இல்லை."

ஒவ்வொரு மெசினாக நின்றது. கடைசியில் அவர் சொன்னார். கோணலாகத்தான் சொன்னார், ஆனால் முழுதாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் என்னை வெட்டிக் கூப்பிடவில்லை. உங்களுக்கு வரவேண்டியிருந்த பகுதிப் பொறுப்பாளர் பதவி மட்டும், நீங்கள் வேலை பழக்கிய ஒருவனுக்குப் போனது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை நீங்கள். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"உங்களையும் சோர்லி என்று கூப்பிடச் சொல்லட்டுமா?" என்று மெசின்கள் நின்ற அன்றைக்குக் கேட்டேன். உங்கள் முகம் மாறியது. "வேண்டாம். அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். இந்த வயதில் அதைக் கேட்டு வாங்குவது பிச்சை எடுப்பது மாதிரி." எனக்கு வாங்கித் தந்தது உரிமை, உங்களுக்கு என்றால் பிச்சையா? அன்றைக்கே அதைக் கேட்டுச் சண்டை பிடித்திருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இதயம் நின்று நீங்கள் போன செய்தி வந்தபோது நான் அழவில்லை. தேவாலயத்தில் பாதிரியார் மூச்சுக்கு மூச்சு சாமுவேல், சாமுவேல் என்றார். முன்வரிசையில் போர்மன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய சாம் எவ்வளவு நல்லவன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவர்கள் யாராவது பேசலாம் என்றார்கள். எழுந்து போனேன். "இவருடைய பெயர் சாமுவேல் இல்லை. சோர்லி. அதைப் பிடுங்கியவர்களை அவர் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்தார். "என்ன பெயர் சொன்னீர்கள்?"

திரும்பச் சொன்னேன். அவருடைய உதடு அதைச் சொல்லப் பார்த்து நின்றுவிட்டது.

"உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஏன் சொல்லவில்லை?"

அதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து உண்ட மனுசிக்கு நீங்கள் வாத்தியார் வைத்த பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். கல்லில் உண்மைப் பெயரை வெட்டுங்கள் என்று நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "நான் கல்யாணம் செய்தது சாமை. நீங்கள் சொல்லுகிற ஆளை எனக்குத் தெரியாது" என்றார். அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. வாத்தியாரிடம் இருக்கிறது. போர்மனிடம் இருக்கிறது. எல்லாரையும் விட உங்களிடம்தான் இருக்கிறது.

நேற்று இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இன்று வேலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

வியட்நாமிலிருந்து படகில் வந்த ஒருவர் போன கிழமை எங்களிடம் சேர்ந்தார். போர்மன் அவருக்குச் சார்லி என்று பெயர் வைத்துவிட்டார். இன்று காலை "சார்லி!" என்று கத்தினார். கையில் இருந்த படத்தைப் போட்டுவிட்டு நான் போனேன்.

"அவருடைய பெயர் சார்லி இல்லை."

போர்மன் பெருமூச்சு விட்டார். "சாம்பசிவம், உனக்கேன் இந்த வேலை? சரி, என்ன பெயர் அப்ப?"

எனக்குத் தெரியாது. ஒரு கிழமையாக நானும் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் முகம் எரிய அந்தப் புதியவரிடம் திரும்பிக் கேட்டேன். துவான் என்றார். நான் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார், குரல் மேலே போக வேண்டுமாம். சொன்னேன். இன்னும் இல்லை. போர்மன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் சொல்லுங்கள்" என்றேன் அவரைப் பார்த்து. என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் சொன்னார். அதுவும் பிழை. துவான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு பொறுமையாக இன்னொரு முறை சொன்னார்.

அவர் சரி என்று சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.