எழுதாத கதையிலிருந்து என் மனைவியின் பெயரை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஸ்தாமென் கரஜோவ்,
மொத்தப் பூ வியாபாரி,
ப்ளோவ்டிவ், பல்கேரியா.

பெறுநர்:
தலைவர், பதிப்புரிமைப் பிரிவு,
கலாசார அமைச்சகம், சோஃபியா.

பொருள்: திரைக்கதை எழுதுவோர், இயக்குநர்கள் ஆகியோரின் பெயருக்கும் ஒப்புதலுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவி நெவெனா கரஜோவா ஒரு தொலைக்காட்சித் தொடரின் முதல் மூன்று பருவங்களை எழுதியவர். நான்காவதை அவர் எழுதவில்லை. அவருடைய பழைய பக்கங்களைக் கணினிக்குப் புகட்டி, அதையே எழுதவைத்தது தயாரிப்பு நிறுவனம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் மட்டும் அவர் பெயர் ஓடுகிறது.

2. அதில் ஒரு நிச்சயதார்த்தக் காட்சி. மாப்பிள்ளை பெண்ணிடம் பன்னிரண்டு ரோஜாக்களை நீட்டுகிறான். நம் ஊரில் இரட்டைப்படை எண்ணிக்கையில் பூ இறந்தவர்களுக்குத்தான் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இயக்குநர் காலின் யோதொவ் ஒரு பூவை உருவிப் போட்டுவிட்டுப் பதினொன்றோடுதான் படமெடுத்தார். கதையில் உள்ளபடி இருக்கவேண்டும் என்று, அவருக்குத் தெரியாமல், விடுபட்ட பூவைக் கணினியால் வரைந்து சேர்த்தார்கள்.

3. மறுநாள் சந்தையில் எதிர்க்கடை பென்கா, "ஸ்தாமென் அண்ணே, பூக்கடைக்காரர் பொண்டாட்டியே நிச்சயத்துக்குக் கருமாதிப் பூ குடுத்துட்டாங்களே! வீட்டுல உங்க பேச்சு எடுபடுறதில்லையா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். நெவெனாவால் முடியவில்லை. "நான் எழுதலைன்னு எத்தனை வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்றது?" என்றார். புதுத் தொடருக்கு அழைத்திருந்தவர்களும், "இப்பல்லாம் அசட்டையா எழுதுறீங்க போல" என்று நழுவிவிட்டார்கள். அவருக்கு முதலீடே அந்தப் பெயர்தான்.

4. கேட்டால், தயாரிப்பு நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் "இன்றுள்ள, இனி வரவிருக்கும் எல்லா வழிகளிலும் பயன்படுத்தலாம்" என்ற வரியை நீட்டுகிறார்கள். அம்மையீர், நான் ரயிலடியில் ஒரு வாளிப் பூவோடு தொழில் தொடங்கியவன். இரக்கமில்லாமல் பேரம் பேசுவேன். ஆனால் என்னிடம் பூ வாங்கியவர் எவரும் தோட்டமும் தனக்கே என்று சொன்னதில்லை. நெவெனா கையெழுத்திட்ட நாளில் இப்படியொரு கணினி எழுத்தே கிடையாது. இல்லாத சரக்கை எப்படி விற்றிருப்பார்?

5. இதை அவரே எழுதினால் புலம்பல் என்று ஒதுக்குவார்கள். அவர் தோழர்களோ, வாய் திறந்தால் அடுத்த வேலை கிடைக்காது என்று ஒடுங்கிக் கிடக்கிறார்கள். எனக்கு அந்த நிறுவனத்தாரிடம் வேலை ஆகவேண்டியதில்லை. ஆகவே கேட்கிறேன்:

அ) நான்காம் பருவத்திலிருந்து அவர் பெயரை உடனே நீக்கி, எழுதியது கணினி என்று திரையிலேயே அறிவிக்கச் செய்யவேண்டும்.

ஆ) எழுதியவரின் தனி ஒப்புதல் இல்லாமல் எவர் எழுத்தையும் கணினிக்குப் புகட்டக் கூடாது. "இனி வரவிருக்கும்" என்ற வரி எந்த ஒப்பந்தத்திலும் செல்லாது என்று ஆக்கவேண்டும்.

இ) இயக்குநர் எடுத்த காட்சியை அவரறியாமல் மாற்றக் கூடாது.

ஈ) எழுதுவோரும் இயக்குநர்களும் சங்கமாகச் சேர்ந்து பேச வழி வேண்டும். தனியாகப் போய் நின்றால் என்னைப் போன்ற வியாபாரி விழுங்கிவிடுவான், அனுபவத்தில் சொல்கிறேன்.

6. பூ இறக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோஃபியா வருகிறேன். தங்கள் அலுவலகம் போகிற வழியில்தான் இருக்கிறது. பதில் கிடைக்கும்வரை ஒவ்வொரு திங்களும் நேரில் வந்து கேட்பேன். வெறுங்கையோடு வரமாட்டேன். ஒற்றைப்படையில்தான் பூ கொண்டுவருவேன்; நம் சட்டத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஸ்தாமென் கரஜோவ்
(ஒப்பம்)

இடம்: ப்ளோவ்டிவ்
நாள்: 14 அக்டோபர் 2024