அம்மன் காலடியில் கூப்பன்

மாரியம்மன் துணை
உடப்புசல்லாவை
10.10.1954

அன்புள்ள தம்பி நல்லமுத்துவுக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது.

நானும் மகள் நாகலெட்சுமியும் சுகம். உன் சுகத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். உன்கிட்டயிருந்து கடுதாசிதான் வரமாட்டேங்குது.

நல்ல சேதி. வட்டவளை ராசம்மா தன் மகன் கணேசமூர்த்திக்கு நம்ம நாகுவைக் கேட்டு வந்திருக்காங்க. எட்டுப் பவுன் போடணுமாம். பயப்படாதே. உன் மச்சான் விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கர் தேயிலைக்குக் கவர்மெண்டு தந்த கூப்பன் அத்தனையும் விற்காமல் அம்மன் காலடியில் வச்சிருக்கேன். கூப்பன் இல்லாமல் கம்பெனிக்காரன் ஒரு ராத்தல் தேயிலைகூடக் கப்பலில் ஏற்ற முடியாதே. மாசி பிறந்தால் விலை ஏறும். அப்போ விற்று நகை செய்வேன்.

ஒண்ணு கேக்கணும். கடைக்காரர் செல்லசாமி சிரிக்கிறார். "வெளிநாடுகளோட போட்ட தேயிலை ஒப்பந்தத்தை விட்டு நம்ம நாடு விலகப்போகுது, அதுக்குச் சட்டம் எழுதுறாங்களாம். அப்புறம் கூப்பன் இல்லாமலே தேயிலை கப்பலேறும், உங்க கூப்பன் அடுப்பெரிக்கத்தான் ஆகும், இப்பவே என்கிட்டத் தந்துடுங்க" என்கிறார். ஏவாரி, பயங்காட்டி வாங்கப் பார்க்கிறார். நீ சட்டம் எழுதுற அந்த ஆபீசில்தானே டைப் அடிக்கிறே. விற்கட்டுமா, வச்சிருக்கட்டுமா?

உன் அக்கா

கொழும்பு
2.11.1954

அன்புள்ள அக்கா,

உங்க கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. பல தடவை எழுத உட்கார்ந்து தாளைக் கிழிச்சுப் போட்டேன். நாகுவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சது சந்தோஷம். தாய்மாமன் சீர் என் பொறுப்பு.

ஆபீஸ் சங்கதி மட்டும் கேட்காதீங்க அக்கா. எனக்கு முன்னால் இருந்தவன் சேதியை வெளியே சொல்லி ஜெயிலுக்குப் போனான்னு பயந்து, கந்தப்பளை கோயிலில் நீங்கதானே சூடம் ஏற்றினீங்க. ஆபீஸ் வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்னு நான் அந்தச் சூடத்தைக் கையால் அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணினேன். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

உடம்பைப் பார்த்துக்குங்க.

தம்பி நல்லமுத்து

உடப்புசல்லாவை
12.11.1954

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் பார்த்து நிம்மதி. நான் கேட்டதே தப்பு. அம்மன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆபத்து என்றால் என் தம்பி வாயை மூடிக்கொண்டு இருப்பானா?

செல்லசாமி நேற்றும் வந்தார். "என் தம்பி அந்த ஆபீசுல இருக்கான், உங்க பருப்பு இங்க வேகாது"ன்னு சொன்னேன். "தம்பி சொன்னானா?" என்றார். "சொல்லாததுதான் பதில்"னு அனுப்பிவிட்டேன். நாகு சிரிச்சா.

மாசியில் பரிசம் போடுறோம். லீவு கேட்டு வை.

உன் அக்கா

கொழும்பு
9.2.1955

அன்புள்ள அக்கா,

சட்டம் வந்துட்டதைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. ஒப்பந்தத்தை விட்டு விலகும் சட்டத்துக்கு முதல் பிரதி அடிச்சது நான்தான். உங்க முதல் கடுதாசி வந்த அன்னைக்கு மிசினில் அந்தத் தாள்தான் இருந்துச்சு.

இத்தோடு இருநூறு ரூபாய் மணியார்டர் அனுப்புறேன். கையில் இருந்தது அவ்வளவுதான். என்னைத் திட்டியாவது ஒரு கடுதாசி போடுங்க.

தம்பி

மாரியம்மன் துணை
உடப்புசல்லாவை
6.3.1955

தம்பிக்கு,

நான் கொண்டுபோன கூப்பனைச் செல்லசாமி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேலி பண்ணுவார்னு நினைச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சீனி நிறுத்தார். அதுதான் தாங்கலை. ராசம்மா வாசலில் நின்றபடியே, "நல்ல பொண்ணுதான், பையனோட அப்பா ஒத்துக்கலையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. நாகு அழவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. சூடம் ஏற்றினது என் கை. சத்தியம் மீறியிருந்தால் நீ எனக்குச் சின்னவனாகப் போயிருப்பாய். ஆனாலும் நெசத்தைச் சொல்றேன் தம்பி. கும்பிட நின்றால், அவன் மீறியிருக்கக் கூடாதான்னுதான் மனசில் வருது. அம்மன்கிட்டப் போய் இதைக் கேக்கலாமா? அதனால் விளக்கேற்றிவிட்டு, கும்பிடாமல் வந்துவிடுகிறேன்.

மணியார்டரைத் திருப்பியிருக்கேன். திருவிழாவுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் மெச்சுவேனா, ஏசுவேனா, எனக்கே தெரியலை. அது தெரியும் வரைக்கும் கடுதாசியும் வேண்டாம்.

நாகுவுக்கு என்றைக்குக் கல்யாணம் ஆனாலும் தாய்மாமன் இடத்தில் வேறு ஆள் உட்கார மாட்டான். அன்றைக்கு நானே எழுதுவேன்.

கையில் தழும்பு இருக்குன்னு எழுதியிருந்தியே. தேங்காயெண்ணெய் தடவு.

சண்முகவடிவு